கொறைய சொல்லி விக்கிற அக்கா

பழவேற்காடு பஜார்ல எனக்கு மோட்டார் காயில் கட்டற கடை. எதிர்ல மீன் மார்க்கெட்டு. முப்பது வருஷமா மீன் விக்கிற பொம்பளைங்க மூஞ்சிலதான் காத்தால முழிக்கிறேன். அதனால தெகிரியமா சொல்றேன், தன் கூடையில இருக்கற மீன தானே கொற சொல்லி விக்கிற பொம்பள இந்த ஏரிக்கே அந்த அக்கா ஒண்ணுதான்.

"இத்த எடுக்காத. நேத்து மீனு, ஐஸ்ல கெடந்துச்சு. கொழம்புக்கு ஆவும், வறுக்க ஆவாது." வாங்க வந்தவங்க வாய தொறக்கறதுக்குள்ள செவுள தூக்கி காட்டிடும். பக்கத்துல உக்காந்திருக்கற பொம்பளைங்களுக்கு பத்திக்கினு வரும். வராம இன்னா பண்ணும்? அவங்க கூடையில இருக்கறதும் அதே படகுல வந்த அதே நேத்து மீனுதான். "உன் வாயில கொள்ளிக்கட்டைய வெக்க, நீ பொழைக்கலன்னா நாங்களும் பொழைக்கக் கூடாதா?"னு கத்துவாங்க. அக்கா சிரிக்கவும் சிரிக்காது, கோவிக்கவும் கோவிக்காது. "கொறைய மொதல்ல சொல்லிட்டா மனசுல ஒண்ணும் இருக்காதுடி. ஊட்டுக்கு போனமா, சாப்ட்டமா, படுத்தமானு இருக்கலாம்"னு சொல்லிட்டு அடுத்த மீன பொரட்டும்.

பேரு சொல்ல மாட்டேன். அதோட சனங்க பாலத்துக்கு அந்தாண்ட குப்பத்துல இன்னும் இருக்காங்க. ஊருக்கே அது அக்கா, எனக்கும் அக்கா.

ஏரிக்கு நடுவுல இருக்கற பசியாவரத்துல அதோட சித்தி பொண்ணுக்கு மாப்ள ஊட்டுக்காரங்க வந்தாங்களாம். பஜ்ஜியெல்லாம் தின்னுட்டு, சும்மா ஒரு பேச்சுக்கு "பொண்ணு எப்படிம்மா?"னு அக்காவ கேட்டிருக்காங்க. கேக்கலாமா அந்தக் கேள்விய, அதுவும் அக்காவாண்ட? "தங்கமான பொண்ணு. கோவம் வந்தா ரெண்டு நாளு சோறு தின்னாது. எடது காது மந்தம். அந்தப் பக்கமா நின்னு பேசாதீங்க"னு போட்டு ஒடச்சிடுச்சு. வந்தவங்க வேட்டிய ஒதறிக்கினு படகு ஏறிட்டாங்க. சித்திக்காரி ரெண்டு வருஷம் அக்காவோட பேசல. ஆனா பாருங்க, அந்த மாப்ள மட்டும் போறப்ப பொண்ணுக்கு வலது பக்கமா வந்து நின்னு "போய்ட்டு வரேன்"னு சொல்லிட்டு போச்சாம். அடுத்த மாசமே தேதி குறிச்சாங்க.

என்னையும் விடல. நான் கட தொறந்த அன்னிக்கி, தேங்கா ஒடச்சி கற்பூரம் எரியுது, நாலு பெரிய மனுஷங்க நிக்கிறாங்க. அவங்க எதிர்லயே, "இவன் கை நல்ல கைதான். ஆனா அவசரக்காரன். வேலய வாங்கறப்ப ரெண்டு வாட்டி கேட்டு வாங்குங்க"ன்னுச்சு. ஒரு மாசம் நான் அந்தப் பக்கமே திரும்பல. அப்புறம் அதுவே ஒரு கை மடவைய எல போட்டு மூடி எடுத்தாந்து, "இது இன்னிக்கி மீனு"னு வெச்சிட்டு போச்சு. சரி போன்னு விட்டுட்டேன். அதும்மேல ரொம்ப நாளு கோவமா இருக்க முடியாது.

புருஷன் இல்ல, புள்ள இல்ல, ஒரே ஒரு தம்பி. அம்மா செத்தப்ப அவனுக்கு ஏழு வயசு, அக்காதான் வளத்துச்சு. அப்பன கூப்புடற மாதிரி அவன "நைனா"ன்னுதான் கூப்புடும். வளந்து தொழிலுக்கு போனான். முகத்துவாரத்துல படகு தள்றப்போ அல தூக்கி அடிச்சு, படகு அவன் முதுகு மேல வந்து உக்காந்துச்சு. உசுரு தங்கிச்சு, இடுப்புக்கு கீழ எல்லாம் போச்சு. எட்டு வருஷம் கட்டில்ல கெடந்தான். அக்காதான் அள்ளிச்சு, கழுவிச்சு, பொரட்டி போட்டுச்சு. அந்த எட்டு வருஷமும் ஏரியக் கண்ணால பாக்கல.

மெட்ராஸ்ல ஒரு பெரிய ஊட்டுல வேல செய்ற சொந்தக்காரி ஒருத்தி, அந்த ஊட்டு பெரியவரு தவறினதும் அவரு உக்காந்திருந்த பேட்டரி வீல்சேர கேட்டு வாங்கி வேன்ல அனுப்பி வெச்சா. ஆக வரும்போதே அது ஒரு செத்தவரு வண்டி. தம்பி அதுக்கெல்லாம் அசரல. மொத நாளே கைப்புடிய தட்டிக் குடுத்து, "இன்னா பெரியவரே, ஏரிக்கு போலாமா?"ன்னான். அதுலருந்து பெரியவரோட பேசிக்கினுதான் வண்டி ஓட்டுவான். "பெரியவரே, முன்னாடி மாடு." "பெரியவரே, மழ வருது, திரும்பிடலாம்." எதிர்ல வர்றவங்களுக்கு திக்குனு இருக்கும். அவனுக்கு ஒரே குஷி.

மணல்ல அந்த வண்டி ஓடாது. சிமெண்ட்டு ரோட்ட புடிச்சு வருவான், பாலத்துல ஏறுவான், நடுவுல நிறுத்திக்கினு காத்து பாப்பான். "கொண்டல் திரும்பிடுச்சு, நாளைக்கு எறா ஏறும்"னு சொல்லுவான், ஏறும். படகுக்காரங்களே அவன கேட்டுக்கினு போவ ஆரம்பிச்சாங்க. அக்கா அத கேட்டுட்டு மார்க்கெட்ல உக்காந்து முந்தானையால மூஞ்ச தொடச்சிக்கும். வேர்வன்னு சொல்லும்.

இப்ப என் வேலைய சொல்றேன். இத்தினி வருஷமா யாருக்கும் சொல்லாதது.

அந்த மாதிரி வண்டியில ரெண்டு பின் சக்கரத்துக்கும் ரெண்டு மோட்டாரு. ஒவ்வொரு மோட்டாரு பின்னாடியும் ஒரு பிரேக்கு. கரண்டு ஓடினா பிரேக்கு தொறக்கும். கைய எடுத்தாலும், பேட்டரி செத்தாலும் டக்குனு பூட்டிக்கும். அதுக்குள்ள தட்டையா ஒரு வட்டு இருக்கும், அதுதான் புடிக்கிறது. நம்ம ஊரு உப்புக்காத்து இரும்ப தின்னுதே, அந்த வட்ட விட்டு வெக்குமா? துரு புடிச்சு ஒட்டிக்கினு, கரண்டு குடுத்தாலும் சக்கரம் சுத்தல. ஆவணி மாசம் தம்பிய நாலு பேரு தூக்கி என் கட வாசல்ல வெச்சாங்க. "அண்ணே, இன்னிக்கே வேணும். கட்டில பாத்தாலே கொமட்டுது"ன்னான்.

தொறந்தேன். வட்டு ஒடஞ்சு கைல வந்துச்சு. புதுசு மெட்ராஸ்ல கூட ஆர்டர் போட்டாதான் வரும், பத்து நாளு ஆவும். யோசிச்சேன். நம்ம ஊர்ல மேடு எங்க இருக்குது? ஏரிய சுத்தி எந்தப் பக்கம் பாத்தாலும் உள்ளங்கையாட்டம் தரை. கைய எடுத்தா மோட்டாரே வண்டிய நிறுத்திடும், பிரேக்கு எதுக்குனு தோணுச்சு. ஒரு பக்கம் கழட்டினேன், நிக்கறப்போ வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு. அதனால நல்லா இருந்த இன்னொரு பக்கத்தையும் கழட்டினேன். வயர மட்டும் அப்படியே விட்டேன், இல்லன்னா வண்டி கெளம்பாது. ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. தம்பி சந்தோஷமா போனான். பிரேக்கு இல்லன்னு அவனாண்ட சொல்லல. வட்டு வந்ததும் மாட்டிடலாம்னு நெனச்சேன், ஆர்டரே போடல. வேல வந்துக்கினே இருந்துச்சு, மறந்துட்டேன்.

பாலம் ஒண்ணுதான் மேடு. அத நெனக்கல. தெனமும் அத பாத்துக்கினு கட தொறக்கறவன் நான், நெனக்கல.

ஐப்பசியில ஒரு சாயங்காலம், மழ விட்டிருந்த நேரம், அவன் பாலம் ஏறினான். பாதி ஏத்தத்துல பேட்டரி செத்துச்சு. வண்டி பின்னாடி உருண்டு ஓரத்து கல்லுல மோதி கவுந்துச்சு. தல பின்னாடி அடி. பாத்தவங்க ரெண்டு பேரு இருந்தாங்க, வல காயப் போட்டுக்கினு. "வண்டி போச்சு, அவன் ஒண்ணுமே கத்தல. 'பெரியவரே, பெரியவரே'னு ரெண்டு வாட்டி கூப்ட்டான்"னு சொன்னாங்க.

அந்த ரெண்டு வாட்டிய நான் கேக்கவே இல்ல. ஆனா இன்னிக்கும் சாயங்காலமா பாலத்துப் பக்கம் திரும்பினா கேக்குது.

ஊரு ஆளுக்கொண்ணு சொல்லிச்சு. மழ ரோடு வழுக்கிடுச்சுனு ஒருத்தன், வாடக்காத்து தள்ளிடுச்சுனு ஒருத்தன். செத்தவரு வண்டி, ஆள கூட்டிக்கினு போயிடுச்சுன்னாங்க பொம்பளைங்க. மோட்டார தொறந்து பாக்கணும்னு யாருக்கும் தோணல. தோணினாலும் என் கடைக்குதான் எடுத்தாரணும். அப்படியேதான் எடுத்தாந்தாங்க. சேறு கழுவி, வளஞ்ச கைப்புடிய நிமித்தி, நானே கொண்டு போய் அக்கா ஊட்டு வாசல்ல விட்டேன். பேட்டரிய சும்மா விட்டா கெட்டுடும்னு எப்பவோ நான்தான் சொல்லியிருந்தேன். அக்கா அத புடிச்சிக்கினு, உக்கார ஆளில்லாத வண்டிக்கு தெனமும் சார்ஜு போட்டுச்சு. அந்தப் பக்கம் போனா பச்ச லைட்டு எரியும், காலி சீட்டு என்ன பாக்கும். சுத்திக்கினு வேற தெருவுல போவேன்.

கருமாதி முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். மீன் கூடைய கவுத்துட்டு அக்கா என் கடைக்கு வந்து ஸ்டூல்ல உக்காந்துச்சு.

"அந்த வண்டிய வித்துடலாம்டா. சும்மா நிக்குது. காலு இல்லாத யாருக்காவது காலாவட்டும்."

"சரிக்கா, ஆளு பாக்கறேன்"னேன். எனக்கு அது அந்த வாசல விட்டு போனா போதும்.

"ஒண்ணு கேக்கணும். முன்னாடியெல்லாம் நைனா வந்து வாசல்ல நின்னா டக்குனு ஒரு சத்தம் வரும். நான் அடுப்பாண்ட இருப்பேன், அத கேட்டுட்டுதான் தட்ட எடுப்பேன். ஆவணியில நீ ரிப்பேர் பண்ணதுலருந்து அந்த சத்தம் வரல. அவன் வந்ததே எனக்கு தெரியாது. திரும்பி பாத்தா ஒக்காந்திருப்பான். ஏண்டா?"

என் வாயி தானா பேசிச்சு. "கிரீஸ் போட்டேன்க்கா. அதான்."

"ஓ"ன்னுச்சு.

அதுக்கப்புறம் வந்த கூத்த கேளுங்க. பொன்னேரியிலருந்து ஒரு ரிட்டயர்டு ஆபீசரு சம்சாரத்துக்குனு வண்டி பாக்க வந்தாரு. நல்ல மனுஷன், கையில மஞ்ச பையி. அக்கா அவர உக்காரக்கூட வெக்கல. "சார், மொதல்ல கொறைய சொல்லிடறேன். மெட்ராஸ்ல ஒரு பெரியவரு இதுலதான் உக்காந்திருந்தாரு, அவரு செத்துட்டாரு. அப்புறம் என் தம்பி, அவனும் இதுலயே போனான். முன்னாடி வண்டி நின்னா ஒரு சத்தம் வரும், இப்ப வரல. ரிப்பேர்காரன் கிரீஸுன்றான். எனக்கு அப்படி தோணல." ரிப்பேர்காரன் நான் பக்கத்துலயே நிக்கிறேன்! அவரு கைக்குட்டையால கழுத்த தொடச்சிக்கினு, "பொண்டாட்டிய கேட்டுட்டு வரேன்"னாரு. எங்க வரப் போறாரு?

அடுத்தது எளாவூரு. செக்போஸ்டாண்ட ஓட்டல் வெச்சிருக்கறவரு, அவங்க அப்பாவுக்கு. பாதி கேட்டதுமே, "வத்தம்மா, வத்து"னு தெலுங்குல வேணாம்னு சொல்லிட்டு பைக்க திருப்பிட்டாரு. அதுலருந்து ஊருல பேச்சு பரவிச்சு. தம்பி அந்த வண்டியிலயே உக்காந்திருக்கான், சத்தம் போடாம வர்றான், அக்காவே சொல்லுதுன்னு. அக்கா சொன்னது அது இல்ல. அது மோட்டார பத்தி பேசிச்சு, கேட்டவங்களுக்கு பேயா காதுல வுழுந்துச்சு. எனக்கு மட்டும் மெய்யாலுமே எது பேயின்னு தெரியும். ஒடஞ்ச வட்டும் நல்ல வட்டும் ரெண்டும் என் கடையில பிஸ்கட் டப்பாவுல கெடந்துச்சு. தூக்கி போடவும் கை வரல, தொறந்து பாக்கவும் கை வரல. நல்லதையாவது திருப்பி மாட்டியிருக்கலாம். மாட்ட வண்டிய கடைக்கு எடுத்தாந்தா அக்கா கூடவே வந்து உக்காந்து, இன்னா பண்றனு கேக்குமேனு பயம்.

இனிமே அக்காவ வெச்சிக்கினு விக்க முடியாதுனு தீர்மானம் பண்ணேன். அனுப்பம்பட்டு பக்கத்துல நெல்லு போடற ஒரு விவசாயி, பதினெட்டு வயசு பொண்ணுக்கு வண்டி தேடறாருனு கேள்விப்பட்டேன். மாடியிலருந்து வுழுந்து முதுகெலும்பு போன பொண்ணு. அக்கா மார்க்கெட்ல இருக்கற நேரமா பாத்து அவர வரச் சொன்னேன். சாவி என்னாண்டதான் இருந்துச்சு. சுத்தி சுத்தி பாத்தாரு. "பிரேக்கு எப்படிங்க?"னு கேட்டாரு. விவசாயி, ட்ராக்டர் ஓட்டறவரு, சரியா அதத்தான் கேட்டாரு.

"கைய எடுத்தா தானா புடிச்சிக்கும்ங்க"னேன்.

ஒரு வாரத்துல புது வட்டு வாங்கி அவரு ஊட்டுக்கே போய் மாட்டிடணும்னு நெனச்சிக்கினுதான் சொன்னேன். சத்தியமா நெனச்சேன். ஆனா இதே மாதிரி ஒரு வாட்டி ஏற்கனவே நெனச்சவன்தானே நான்.

மத்தியானம் வண்டி வித்த காச கொண்டு போய் அக்காவாண்ட குடுத்தேன். அது காச பாக்கல. "கொறைய சொன்னியா?"ன்னுச்சு.

"சொன்னேன்க்கா."

"இன்னான்னு சொன்ன?"

நான் அது கூடையில இருந்த மீன பாத்தேன். அவ்ளோதான். அக்கா காச அப்படியே முந்தானையில முடிஞ்சிக்கிச்சு. "நாளைக்கு காத்தால கடைய தொறக்காத. என்ன அங்க கூட்டிக்கினு போ"ன்னுச்சு.

பஸ்ல பொன்னேரி, அங்கருந்து ட்ரெயின்ல ஒரே ஸ்டேஷன். வழியெல்லாம் அக்கா ஜன்னல் பக்கம் பாத்துக்கினு வந்துச்சு. அந்த ஊட்ட பாத்ததும் நின்னுட்டேன். அது ஏரிக்கரைக்கு கீழ இருக்கற ஊடு. எங்க ஏரி மாதிரி இல்ல, பாசன ஏரி. ரெண்டு ஆளு ஒசரத்துக்கு கர. ரோடு, பஸ் ஸ்டாப்பு எல்லாம் கர மேல. ஊட்டு வாசல்லருந்து செங்குத்தா ஒரு வழி ஏறுது. அந்த வழியோட அடியில அந்தப் பொண்ணு வண்டியில உக்காந்திருந்துச்சு. தலையில பூ, மூஞ்செல்லாம் சிரிப்பு.

"அப்பா கதிரு அறுக்க போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு. வந்ததும் கர மேல ஏறிப் பாக்கப் போறோம். ஏறிட்டா போதும்ங்க, பஸ் ஸ்டாப்பாண்ட போயிடலாம், காலேஜுல சேந்துடலாம். ரெண்டு வருஷமா கீழருந்தே பஸ்ஸ பாத்துக்கினு இருக்கேன்"ன்னுச்சு. அக்கா அது பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்துச்சு. பொண்ணு என்ன காட்டி, "அண்ணன் சொன்னாராம், கைய எடுத்தா தானா புடிச்சிக்கும்னு. ஆனா ஒண்ணுங்க. எனக்கு வைத்தியம் பாத்த எடத்துல இதே மாதிரி ஒரு வண்டியில உக்கார வெச்சாங்க. அதுல கைய எடுத்தா டக்குனு சத்தம் வரும். அதான் பிரேக்குனு சொன்னாங்க. இதுல அந்த சத்தம் வரலியே?"ன்னுச்சு.

அக்கா எழுந்திருக்கல. தலைய மட்டும் திருப்பி என்ன பாத்துச்சு. ரொம்ப நேரம் இல்ல, கூடையில ஒரு மீன பாக்கற நேரம்தான். நான் தரைய பாத்தேன். பூமி பொளந்து உள்ள இழுத்துக்கக் கூடாதானு இருந்துச்சு.

அதுக்குள்ள அப்பாக்காரரு தலப்பாவ அவுத்துக்கினு வந்துட்டாரு. அக்கா எழுந்து கும்பிட்டுச்சு. "ஐயா, இந்த வண்டியில பிரேக்கு இல்ல. என் தம்பி இதுலதான் மேட்டுலருந்து பின்னாடி உருண்டு செத்தான். உங்க பொண்ண இதுல ஏத்தாதீங்க. இந்தாங்க உங்க காசு."

மனுஷன் மூஞ்சி கறுத்துடுச்சு. பொண்ண பாத்தாரு, கரைய பாத்தாரு. "பிரேக்கு இல்லாம எப்படிம்மா வண்டி வரும்? யாராவது கழட்டியிருக்கணும். யாரு கழட்டினது?"

அக்கா வாய தொறந்துச்சு. சொல்லப் போவுதுன்னு நெனச்சேன். சொன்னா நல்லதுன்னு கூட ஒரு நிமிஷம் நெனச்சேன்.

"தெரியலங்க"ன்னுச்சு.

செத்த மீன உசுரோட இருக்குதுனு ஒரு நாளும் சொல்லாத பொம்பள. எனக்காக சொல்லிச்சு அந்தப் பொய்ய, அதுவும் என்ன பாக்காம.

அவரு என் பக்கம் திரும்பினாரு. "நீங்க மெக்கானிக்குதானே, சரி பண்ணித் தர முடியுமா? பொண்ணு ஆசப்பட்டுடுச்சு."

பத்து நாளுங்க, நானே மாட்டித் தரேன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா, நேத்து ஏன் பொய் சொன்னன்னு கேப்பாரு. அதுக்கப்புறம் எல்லாம் வெளிய வரும். "இதுக்கு சாமான் கெடைக்காதுங்க"னேன். பயந்தாங்கொள்ளி பேசற பேச்சு அது. அந்தப் பொண்ணு கைப்புடிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு எறங்க மாட்டேன்னுச்சு. அழல. புடிய மட்டும் விடல. அவங்க அம்மா வந்து ஒவ்வொரு வெரலா பிரிச்சு எடுத்தாங்க.

வண்டிய ஒரு வேன்ல ஏத்திக்கினு திரும்பினோம். எங்க ஊரு வந்ததும் அக்கா சொன்னது ஒரே வார்த்த. "உன் கடையிலயே போடு. என் வாசல்ல வேணாம்."

திட்டல. அடிக்கல. தம்பிய கொன்னியேடானு மண்ண வாரி தூத்தல. மறுநாளு அது மார்க்கெட்டுக்கு வரல. அதுக்கு அடுத்த நாளு வந்துச்சு, எப்பவும் போல மீனுக்கு கொற சொல்லி வித்துச்சு, எப்பவும் போல என் கட ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சுச்சு. அந்த டீ குடிக்கிற அஞ்சு நிமிஷம் எனக்கு ஜெயிலு. இன்னிக்கி கேக்கும், நாளைக்கு கேக்கும்னு காத்துக்கினே இருந்தேன். கேக்கல. நான் புது வட்டு வரவழச்சி, ரெண்டு பக்கமும் மாட்டி, வண்டி மேல பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வெச்சேன். அக்கா கவர தூக்கி பாத்துட்டு மறுபடி மூடிச்சு. ஒரே ஒரு வாட்டி, "அனுப்பம்பட்டு பக்கம் போனியா?"ன்னுச்சு. "அங்க வேல ஒண்ணும் இல்லக்கா"னேன். டீ கிளாஸ கீழ வெச்சிட்டு எழுந்து போச்சு.

அப்படியே மூணு வருஷம் ஓடிச்சு. போன ஆடியில காய்ச்சல்ல நாலு நாளு படுத்துச்சு, போயிடுச்சு. நான் தோளு குடுத்தேன். அக்காவுக்கு தம்பியாட்டம்னு யாரோ சொன்னாங்க. திரும்பறப்போ பாலத்துல என்னால நடக்க முடியல, சுவர புடிச்சிக்கினு நின்னுட்டேன்.

பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சதும் வண்டிய ஒரு குட்டியானை வேன்ல ஏத்திக்கினு அனுப்பம்பட்டு போனேன். அந்தப் பொண்ணு வாசல்ல பழைய கைவண்டி மாதிரி ஒண்ணுல உக்காந்து பூ கட்டிக்கினு இருந்துச்சு. அப்பாக்காரரு நெல்லு காயப் போட்டுக்கினு இருந்தாரு. வண்டிய எறக்கினேன். அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் கொட்டிட்டேன். வட்டு, பிஸ்கட் டப்பா, தம்பி, நான் சொன்ன பொய்யி, சொல்லாம விட்டது எல்லாம். அடிக்கட்டும்னு நின்னேன்.

அவரு நெல்ல கிண்டறத நிறுத்தல. பொண்ணுதான் பேசிச்சு.

"தெரியும்ண்ணா. அந்தம்மா மறுநாளே திரும்பி வந்தாங்க, தனியா. 'நேத்து பொய் சொல்லிட்டேன், கண்ண மூடினா தூக்கம் வரல'னு எல்லாத்தையும் சொன்னாங்க. 'ஆனா அவனே வந்து சொல்லுவான், வண்டியும் எடுத்தாந்து குடுப்பான். அப்ப அவன திட்டாதீங்க'ன்னாங்க."

பொண்ணு பூ கட்டிக்கினே சொல்லிச்சு.

"எப்ப வருவாருனு நான் கேட்டேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துடுவான்னாங்க. அந்த ஞாயித்துக்கெழம அப்பா வயலுக்கு கூட போகல. அம்மா உங்களுக்கும் சேத்து சோறு ஆக்கி வெச்சிருந்தாங்க."